உன் பெயரில் கொட்டிய செம்மண்

என் சண்டைக்கார அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அழுது முடித்தபின் என்னிடம் மிச்சம் இருப்பது கோபம்தான். அதை உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

கோவளத்தில் உங்கள் நகருக்குப் பின்னால், உப்பங்கழிக் கரையில் உனக்கு ஒரு நினைவுப் பூங்கா வைத்திருக்கிறார்கள். லீவு நாளில் நீ போய் மணிக்கணக்கில் நின்ற அதே இடம். ஜேசிபியை விட்டு, உப்பு மண்ணில் தானாய் முளைத்துக் கிடந்த உமரிச் செடிகளை வழித்தெடுத்துவிட்டு, மேலே செம்மண் கொட்டி, நடுவில் ஒரு மகிழங்கன்று நட்டு, பக்கத்தில் கறுப்புக் கல்லில் உன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ‘இயற்கை ஆர்வலர்’ என்று பட்டம் வேறு. நீ இருந்திருந்தால் அந்தக் கல்லைத் தூக்கி யார் தலையில் போட்டிருப்பாய்?

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூர்த்தியிடம் கேட்டேன். “இன்னா மேடம், அது வெறும் காட்டுச் செடி. உப்பு மண்ணுல இன்னா வெளையும்? அதான் நல்ல மண்ணா கொட்டிகினு கீறோம்” என்றார். நல்ல மண்ணாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ ஒருமுறை உமரி இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் நசுக்கினாய். “பாரு, எவ்ளோ தண்ணி! உப்ப தனி ரூம்ல பூட்டி வச்சிக்கினு கீது. அந்த உப்பு உள்ள இருக்கறதாலதான் இந்த மண்ணுலேர்ந்தே தண்ணிய இழுக்குது. ரொம்ப சேந்துச்சுன்னா பழைய எலைல தள்ளி உதுத்துடும். கில்லாடி இது” என்றாய்.

மகிழங்கன்றுக்கு அந்த வித்தை தெரியுமா? வேர் செம்மண்ணைத் தாண்டியதுமே இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. பாவம், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. மண் பத்தவில்லை என்கிறார் மூர்த்தி. வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னும் லாரி வரப்போகிறதாம். வந்தால், ஓரத்தில் தப்பி நிற்கும் உமரியும் புதைந்துவிடும்.

கல்லை எடுக்கச் சொல்லலாம் என்றால், அண்ணி சம்மதிக்கவில்லை. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவரே அவர்தான். “அவரு பேரு அங்கயாவது இருந்துட்டுப் போவட்டும், கலா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உன்மேல்தான் எரிச்சல் வந்தது. என்னை இழுத்துக்கொண்டு சேற்றில் அலைந்தாயே, அண்ணியை ஒருநாள் அங்கே கூட்டிப்போக உனக்கு என்ன கேடு?

நேற்று நானே கூட்டிப்போனேன். ஓரத்தில் நின்ற உமரியில் ஒரு கொத்தை ஒடித்துக் கொடுத்தேன். வாயில் போட்டு மென்றார்.

“இது அவரு எடுத்துகினு வர்ற கீரையாச்சே! பருப்புல போடு, உப்பு மட்டும் போட்றாதம்பாரு. மார்க்கெட்ல வாங்கறாருன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்?”

அப்புறம் கல்லைப் பார்த்தார், செம்மண்ணைப் பார்த்தார். அழவில்லை. அங்கே நின்றபடியே மூர்த்திக்குப் போன் போட்டார். “என் வூட்டுக்காரர் பேர மொதல்ல எடுங்க. லாரி வந்துச்சுன்னா நான் குறுக்க நிப்பேன்.” அண்ணிக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது உனக்காவது தெரியுமா?

எடுப்பார்களா, தெரியவில்லை. உன் புருஷன் பேருக்கே நீ எதிரியா என்று அண்ணியைக் கேட்பார்கள். என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லட்டும்.

ஞாயிறு காலை இங்கே கூடுவாஞ்சேரியில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோவளம் வந்துவிடுவேன். உன் பெயரைச் சொல்லி இனி ஒரு கூடை மண்கூட அங்கே விழ விடமாட்டேன், அண்ணா. இது சத்தியம். இந்த நகர் உன்னை மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும்.

கோபம் ஆறாத உன் தங்கை,
கலா