சேலைப் பிரிவு இசக்கியம்மாள்

மேற்கு மாம்பலம், சென்னை-33
25-11-1974, திங்கட்கிழமை காலை

அன்புள்ள மகன் ஜவஹருக்கு,

நீயும் மருமகள் புஷ்பமும் பேத்தி தங்கமும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, இந்தப் பத்து மாதத்தில் இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும், தங்கத்துக்குக் காதை மூடிக் குல்லாய் போடச் சொல்லு, தலைக்கு ஊற்றினால் ஈரத்தோடு வெளியே விட வேண்டாம். நீ தீபாவளிக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டு மாமாவோடு சமாதானமாகப் போய்விடு அம்மா, இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வீம்பு என்று கேட்டிருந்தாய். வீம்புதான் ராசா. அந்த வீம்பு ஜெயித்துவிட்டது. வெள்ளிக்கிழமை உத்தரவு கைக்கு வந்தது. என்னை வேலையிலிருந்து நிறுத்தியது செல்லாது, திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இன்று ஒன்பதரை மணிக்குக் கடைக்குப் போகிறேன், முன்வாசல் வழியாகவே போகிறேன்.

உனக்கு இந்த விஷயத்தில் பாதிதான் தெரியும், அந்தப் பாதியும் நீ மாமா என்று கூப்பிடும் முதலாளி சண்முகசுந்தரம் அண்ணாச்சி உனக்கு எழுதியது. அதனால் முதலிலிருந்து சொல்லுகிறேன், பொறுமையாக வாசி. உன் அப்பா இறந்துபோன வருஷம், அறுபத்திரண்டில், தி.நகரில் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் சேலைப் பிரிவில் நின்றேன். ஆண்பிள்ளைகள் பேர் மட்டும்தான் கடை ரிஜிஸ்தரில் இருக்கும், பெண்பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் பேர் கிடையாது. லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் எங்களை மாடியில் இருக்கும் முதலாளி வீட்டுக்கு ஏற்றிவிடுவார்கள், அவர் போகும்வரை முறத்தை வைத்துக்கொண்டு பருப்பில் கல் பொறுக்குவோம். சிரித்துக்கொண்டேதான் போவோம், நாங்கள் உட்காருவது அன்றைக்கு மட்டும்தானே. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்கள் ஒருத்திக்கும் புத்தி வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெல்லியில் ஒரு சட்டம் போட்டார்கள், ஓர் இடத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவர்கள் விலகினால் கிராஜுவிட்டி என்று ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று. உங்கள் உருக்காலையில் அதைப் பற்றிக் கூட்டமெல்லாம் போட்டீர்கள் என்று நீயே அப்போது எழுதினாய். அதிலிருந்து அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன பொங்கல் முடிந்ததும் எங்களை வரிசையாகக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். இந்த வருஷம் தை முதல் தேதிதான் புதிதாக வேலைக்கு வந்தேன் என்று எழுதியிருந்தது. மற்ற எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் போடவில்லை. யக்கா, ஒரு கையெழுத்துத்தானே, நமக்குள்ள என்ன முதலாளி தொழிலாளி, எல்லாரும் ஒரே குடும்பம்தானே என்றார். அப்படியானால் பன்னிரண்டு வருஷமாக இங்கே நின்றவள் யார் அண்ணாச்சி என்று கேட்டேன். சிரித்தார். மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கும் கையுமாகப் போனால் வாசலில் காவல்காரன் குறுக்கே கையை வைக்கிறான். அவனுக்குச் சிபாரிசு பண்ணி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். பொங்கல் கழிந்து போட்ட தள்ளுபடிக்கு வந்த கூட்டம் முழுக்கப் பார்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி தெரியாதவர்போல் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் வாயாலேயே என்னை ஊழியர் என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அந்த வாசலிலேயே முடிவு பண்ணினேன். அழவில்லை. அழுதிருந்தால் ஆத்திரம் குறைந்துபோயிருக்கும்.

கடை ஊழியர் சங்கத்துக்குக் கலீமுல்லா என்று ஒரு தையல்காரர் செயலாளர். அவரிடம் போனேன். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஆளைத் தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது, அப்பீல் பண்ணலாம் என்றார். ஆனால் வேலை பார்த்ததற்கு ருசு வேண்டுமே. இன்னாமா இது, பன்னெண்டு வருசம் வேலை செஞ்சுக்கினு ஒரு துண்டுக் காயிதம்கூட இல்லாம வந்து நிக்கிறியே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இருந்தாலும் எழுதிக் கொடுத்தார். அவர் சம்சாரம் ஹாஜிரா பீதான் எனக்குச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் வேலை பிடித்துக் கொடுத்து இந்தப் பத்து மாதமும் என் அடுப்பை எரிய வைத்தவள், அவளை நீ ஒருநாளும் மறக்கக் கூடாது.

தொழிலாளர் ஆபீஸில் விசாரணை ஜூலையில் ஆரம்பித்தது. அண்ணாச்சிக்கு மயிலாப்பூர் வக்கீல் கல்யாணராமன். இந்த அம்மாள் கடை ஊழியரே அல்ல, ஊரிலிருந்து ஆதரவில்லாமல் வந்தவளை முதலாளி தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார், மாடியில் பருப்புப் புடைத்துக்கொண்டு இருந்தாள், எப்போதாவது கடைக்குள் வந்து ஒத்தாசை பண்ணியிருப்பாள், கடையில் முக்கியமாக வேலை பார்க்கிறவருக்குத்தான் சட்டம், வீட்டு மனுஷிக்கு இல்லை என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நாங்கள் சிரித்துக்கொண்டே மாடி ஏறினோமே, அதற்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. அதோடு விடவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். அன்புள்ள மாமாவுக்கு, என் அம்மாவை நீங்கள் ஒருநாளும் வேலைக்காரியாக நடத்தியதில்லை, கூடப்பிறந்த அக்காவாக உங்கள் வீட்டில் வைத்திருந்தீர்கள், அவள் ஏதாவது தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே உன் கையெழுத்து ஜவஹர். வலது பக்கம் சாய்த்துச் சாய்த்து எழுதும் உன் எழுத்தைத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரியாதா? அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்து, உங்கள் பிள்ளை எழுதியதுதானா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? இந்த நான்கு மாதமாக உனக்கு நான் நாலு கடிதம் போட்டேன், ஒன்றிலும் இதை எழுதவில்லை. ஜெயித்த பிறகு எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அன்றைக்கு என் வீட்டுக்கு வந்த கலீமுல்லா, கேஸ் போனது போனதுதான் என்று உட்கார்ந்துவிட்டார். கூட வந்த ஹாஜிரா பீக்குக் காப்பி கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, டம்ளரைத் திருப்பிப் பார்த்து, இதுல இன்னாமோ வெட்டிக் கீதே, இன்னாது என்று அவரிடம் நீட்டினாள். அவர் வாசித்தார், பிறகு எழுந்து நின்று மறுபடி வாசித்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், அண்ணாச்சி தீபாவளிக்குத் தீபாவளி எல்லோருக்கும் எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பார், தன் பேரும் கடைப் பேரும் ஊரெல்லாம் தெரிய வேண்டும் என்று பேர் வெட்டுகிறவரைக் கடைவாசலிலேயே உட்கார வைத்து வெட்டச் சொல்லுவார். சண்முகசுந்தரம் ஜவுளிக்கடை, தி.நகர், சேலைப் பிரிவு இசக்கியம்மாளுக்கு, தீபாவளி 1962. டம்ளர், தூக்கு, சம்படம், குடம் என்று எழுபத்து மூன்றுவரை வருஷத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பாத்திரம். ஒன்றைக்கூட நான் பாத்திரக்கடையில் போட்டுப் புதிதாக மாற்றவில்லை. பன்னிரண்டு வருஷமாக அதில்தான் சோறு வைத்துத் தின்றேன், எனக்கே தோன்றவில்லை பார்.

செப்டம்பரில் கோணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு போய் அதிகாரி மேஜைமேல் வருஷவாரியாக அடுக்கினேன். அண்ணாச்சி கூண்டில் இல்லாத குறையாக நின்றுகொண்டிருந்தார். கலீமுல்லா மெதுவாக, இது உங்க கடை சாமான்தானா என்று கேட்டார். ஆமா, எங்க கடைப் பாத்திரம்னா தாம்பரம் வரைக்கும் தெரியுமே என்றார் அண்ணாச்சி, அந்த இடத்திலும் அவருக்குப் பெருமை. சேலைப் பிரிவுன்னு ஏன் வெட்டினீங்க என்று கேட்டதும், யோசிக்காமல், எங்ககிட்ட ரெண்டு இசக்கியம்மா உண்டு, வீட்டுச் சமையலுக்கு இருக்கிறவ ஒருத்தி, கடையில சேலை எடுத்துப் போடுறவ இவ, ஒருத்தி பாத்திரத்தை இன்னொருத்தி கொண்டு போயிரக் கூடாது பாருங்க என்றார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்து ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு அதை வாசித்துக் காட்டி அண்ணாச்சியிடமே கையெழுத்து வாங்கினார். ஒரு கையெழுத்துத்தானே என்று என்னிடம் சொன்ன மனுஷன் வக்கீலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போட்டார். நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். வெளியே வராந்தாவில் வக்கீல் என்னிடம், சமாதானமாப் போயிடுங்கோம்மா, ஹைகோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுத்துண்டே போகும் என்றார். எனக்கு வேறு ஜோலி இல்லை ஐயா, இழுக்கட்டும் என்றேன்.

நேற்று அண்ணாச்சி சம்சாரம் சரோஜாதேவி தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, ஒரு பட்டுச்சேலை வைத்துக்கொண்டு இங்கே வந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் என் வீட்டுப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. மதினி, அவுக சோறு தண்ணி இறங்காம கிடக்காக, என்ன வேணுமோ கேளுங்க, கடைக்கு மட்டும் வராதிய என்று கண்ணீர் விட்டாள். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன், எந்த டம்ளரில் என்று நீயே தெரிந்துகொள், எழுத்து அவள் முகத்துக்கு நேராக இருக்கும்படி பார்த்து வைத்தேன். சேலையைப் பிரித்தேன். முந்தியில் சரிகை அறுந்திருந்தது, போன மார்கழியில் நானே விற்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த சேலை. அந்த இடத்தை விரலால் காட்டி, இதை மறுபடி அடுக்கில் சேர்த்துவிடாதே, வாங்குகிறவள் கடையைத் திட்டுவாள் என்று மடித்து அவள் கையில் கொடுத்தேன். முகம் செத்துப்போயிற்று அவளுக்கு. இரக்கப்படவில்லை, பொய் எதற்கு, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்தத் தீபாவளிக்குக் கடையில் பாத்திரமே கிடையாதாம், பேர் வெட்டாத பிளாஸ்டிக் வாளி ஆளுக்கொன்று கொடுத்தாராம். கையெழுத்துப் போட்ட எட்டுப் பெண்களும் இப்போது பழைய பாத்திரங்களைத் தேய்த்துக் கலீமுல்லாவிடம் காட்ட வரிசையில் நிற்கிறார்கள். என்னைக் கிடங்கில் தள்ளுவார், பேசாமல் இருக்கச் சொல்லுவார், தெரியும். நான் விட்டுப் போக மாட்டேன், அவர் கண்ணுக்கு நேரே நிற்பேன், அறுபது வயதுவரை நிற்பேன்.

இனி உன் காரியம். அண்ணாச்சி ஹைகோர்ட்டுக்குப் போகிறார், உன் கடிதமும் கூடவே போகும். பாலிடெக்னிக்கில் இடம் வாங்கச் சிபாரிசு செய்தார் மாமா, அந்த நன்றிக்கு எழுதினேன் என்று நீ சொல்லுவாய். சிபாரிசு அவருடையது, படிக்க வைத்தது இந்தக் கால். உனக்குப் பிலாயில் பேர் போட்ட அட்டை உண்டு, சங்கம் உண்டு, ஸ்டிரைக் உண்டு. மாமாவுக்கு மரியாதை காட்ட உனக்கு என் வேலைதானா அகப்பட்டது? ஆனால் நன்றி மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும் ஜவஹர். உனக்குப் பெண் பேசியபோது புஷ்பத்தின் வீட்டாரிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா ஜவுளிக்கடை மாமா வீட்டோடு இருக்கிறாள், வீட்டை மேற்பார்வை பார்க்கிறாள் என்றாய். மருமகள் இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அதே பொய்யைத்தான் வக்கீல் அதிகாரி முன்னால் வாசித்தார். உன்மேல் எனக்கு ஆத்திரம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது, அண்ணாச்சிமேல் இருப்பதைவிட இரண்டு பங்கு இருக்கிறது.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், கலீமுல்லா எழுதிக் கொடுத்தது. என் தாயார் இசக்கியம்மாள் 1962 முதல் அந்தக் கடையில் சேலைப் பிரிவு ஊழியர், நான் முன்பு எழுதிய கடிதம் மரியாதைக்காக எழுதியது, அதில் உள்ளது உண்மை இல்லை என்று இருக்கும். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு டிசம்பர் பத்தாம் தேதிக்குள் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. மன்னிப்புக் கேட்டு எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

மூவரும் ஆயுசோடும் நல்ல பேரோடும் நிறைவாக வாழ வேண்டும், தங்கம் பெரிய படிப்புப் படிக்க வேண்டும், அம்மன் துணை இருப்பாள். கடைக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்தக் காகிதத்தில் கீழே சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருக்கிறது. யார் போட்டாலும் சரி என்றார் கலீமுல்லா. மருமகள் போடட்டும். அவளை வாசித்துப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லு.

இப்படிக்கு,
இசக்கியம்மாள்,
விற்பனை ஊழியர், சேலைப் பிரிவு.