ஆண் குரல் வரும் இடம்

உன் மைக்கைத் துடைத்து வைக்கலாம் என்று இன்று எடுத்தேன். அதன் தலையில் மாட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சில் இன்னும் கிராம்பு வாசனை. பாட ஆரம்பிக்கும் முன் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வாயே, அந்த வாசனைதான். ஆள் போய் ஒரு பொங்கலும் கடந்துவிட்டது. வாசனைக்கு மட்டும் குவார்ட்டர்ஸ் பர்மனன்ட் போலிருக்கிறது. துடைக்காமல் திரும்ப வைத்துவிட்டேன். வைத்த கையோடு அந்த ஜப்பான்காரன் ஞாபகமும் வந்து தொலைத்தது. உன்னை நினைக்கும்போதெல்லாம் அவனும் கூடவே வந்துவிடுகிறான், அழையா விருந்தாளியாக.

நம் மகள் ரேவதியின் பிரசவத்துக்காக நீ ஒசாகா போனாய். நான் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸில் மெஷின் ஓவர்ஹால் நடந்த சமயம் அது, என்னால் வர முடியவில்லை. பத்தியச் சாமானும் புளியும் பண்ருட்டி முந்திரியும் கட்டிக்கொண்டு போனவள், திரும்பி வரும்போது இந்த மைக்கையும் வாய் நிறைய ஜப்பான் காதல் பாட்டையும் கொண்டுவந்தாய். பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். விலாவாரியாகச் சொன்னாய். வீட்டுக்குக் கீழே ஒரு கரோக்கி கடை, இசையை மட்டும் போடுவார்கள், பாட்டை நாம் பாட வேண்டும். மத்தியானத்தில் வயசானவர்கள் அங்கே கூடி, தேநீர் குடித்துக்கொண்டே மாறி மாறிப் பாடுவார்கள். தாயும் பிள்ளையும் தூங்கும் நேரத்தில் நீ அங்கே போய் உட்கார ஆரம்பித்திருக்கிறாய். அந்த ஊர் எழுத்து உனக்குப் படிக்கத் தெரியாது. வார்த்தைகளைக் காதால் பிடித்துக்கொண்டாய். எப்போது வாயைத் திறப்பது என்பதைத் திரையில் ஓடும் எழுத்தின் நிறம் சொல்லிவிடுமாம்.

"நீலம் வந்தா ஆம்பள பாடணும், ரோஸு வந்தா பொம்பள. பச்சை வந்தா ரெண்டு பேரும் சேர்ந்துங்க" என்றாய்.

"உன்கூட நீலம் பாடினது யாரு?"

"மொரிதா சான்."

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. பெண்டாட்டியை இழந்த கிழவர் என்றாய். 'சான்' என்பது நம் ஊர் 'ங்க' மாதிரி ஒரு மரியாதை என்றாய். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் பேரை நீ வாய்விட்டுச் சொன்னதில்லை. ஏங்க, இன்னாங்க, ரேவதி அப்பா. இவ்வளவுதான் நான். ரேஷன் கடையில் பேர் கேட்டால்கூடக் கார்டை நீட்டிவிட்டு நிற்பாய். அவன் பேரை மட்டும் மரியாதை சேர்த்து, ராகம் சேர்த்து, வாய் கொள்ளாமல் சொன்னாய். வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

"அங்க ஜோடிப் பாட்டுக்கு யாராச்சும் தனியா நின்னா, பக்கத்துல இருக்கறவங்க எழுந்து இன்னொரு மைக்க எடுத்துக்கணுமாங்க. தனியா நிக்க வுடக் கூடாதாம். வேற ஒண்ணும் இல்ல."

"நம்ம ஊருல அடுத்தவன் பொண்டாட்டி கூட எழுந்து நின்னு காதல் பாட்டு பாடினா, அதுக்கு வேற பேரு."

"ஆமா, பேரப்புள்ள எடுத்துட்டு நான் ஓடிப் போகப் போறேன். போய்க் குளிங்க, ஒடம்பெல்லாம் கரி."

அதற்கப்புறம் சமையலறையில் தினமும் அதே பாட்டு. மழை பெய்யும் துறைமுகத்தில் பிரிய மனசில்லாத இரண்டு பேர் என்று அர்த்தம் சொன்னாய். உன் பகுதியைப் பாடுவாய். ஆண் குரல் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, தோசைத் திருப்பியால் அடுப்பு மேடையில் தட்டித் தாளம் எண்ணுவாய். பாட்டோடு எனக்கு வழக்கில்லை. தட்டிக்கொண்டு நிற்பாயே, அந்த இடைவெளிதான் என் எதிரி. அந்த நேரத்தில் உன் காதுக்குள் பாடுகிறவன் யார் என்று எனக்குத் தெரியும். எதிர் குவார்ட்டர்ஸ் மெகரு அக்கா வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். "இன்னா தம்பி, உங்க வூட்டுப் பாட்டுல பாதிய யாரோ முழுங்கிட்டாங்க?"

ஒருநாள் நீயே கேட்டாய். "நீங்க பாடுங்களேன். நான் சொல்லித் தரேன்."

"கரி போற பெல்ட்டு சத்தத்துல கத்திக் கத்திக் கெட்டுப்போன தொண்டை. அதுவும் இல்லாம, இன்னொருத்தன் எடத்துல போய் நிக்கறதுக்கு நான் என்ன கான்ட்ராக்ட் ஆளா?"

"பர்மனன்ட்டு ஆளுதான் வேலைக்கே வர மாட்டேங்குதே" என்றாய். செகண்ட் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மார்கழியில் ஒரு விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றாய். அன்றோடு சரி.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் பாட்டுக்காக என் போனைத் துழாவினேன். கொத்தமல்லி வாங்கியாங்க, கேஸு வந்துச்சா, குடை எடுத்தீங்களா. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் இதுதான் இருந்தது. ரேவதியிடம் கேட்டேன். அவளும் ஒருநாள் உன்னோடு அந்தக் கடைக்குப் போய் போனில் பதிவு செய்த ஒரே ஒரு பாட்டு இருக்கிறது என்று அனுப்பினாள். நீயும் அவனும் பாடியது! உன் பாட்டு வேண்டுமென்றால் அவன் தொண்டையையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

அவன் முறை வரும்போது சத்தத்தைக் குறைப்பேன், முடிந்ததும் கூட்டுவேன். கொஞ்சம் அசந்தால் உன் முதல் வார்த்தை போய்விடும். இரண்டு பேரும் சேர்ந்து பாடும் இடத்தில் ஒரு வித்தையும் பலிக்காது. குரலாவது மோசமாக இருக்கக் கூடாதா? வெண்ணெய் மாதிரி பாடுகிறான் பாவி. பஸ் நிறுத்தத்தில், கேன்டீன் வாசலில், எங்கே கேட்டாலும் எரிச்சல்தான், ஆனாலும் கேட்டேன். போன வாரம் வெட்கத்தை விட்டு ரேவதியிடம் சொல்லிவிட்டேன், அந்த ஆள் குரல் எனக்கு வேண்டாம் என்று.

"இப்பல்லாம் ரெண்டு குரலையும் தனித்தனியா பிரிச்சிடலாம்ப்பா. இதுக்கா இவ்ளோ நாள் முழிச்சிக்கினு இருந்தீங்க?" என்று சிரித்தாள்.

நேற்று அனுப்பினாள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். அவன் இல்லை. சுத்தமாக இல்லை. பின்னணி இசையும் அவனோடு போய்விட்டிருந்தது. நீ உன் வரியைப் பாடினாய். பிறகு யாரும் பாடவில்லை. அந்த அமைதிக்குள் நீ மூச்சு எடுப்பது கேட்டது. சின்னதாக ஒருமுறை சிரித்தாய். இத்தனை நாள் அவன் குரல் அதை மூடியிருந்திருக்கிறது. வெறும் வெளியில் நீ தனியாக நின்று சிரிப்பது போல் இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று பாடிவிட்டேன்.

வார்த்தைகள் வந்தன. பொறாமையில் கேட்டுக் கேட்டே மனப்பாடமாகியிருந்தது. ஆரம்பிக்கும் இடம்தான் தெரியவில்லை. பெல்ட் கிளம்பும் முன் சைரன் அடிக்கும். பாட்டில் எவன் அடிப்பான்? நான் பாதியில் இருக்கும்போதே நீ உன் வரிக்குள் போய்விட்டாய். உயிரோடு இருந்திருந்தால் மேடையில் தட்டிக்கொண்டு எனக்காக நின்றிருப்பாய். போனில் இருக்கும் நீ நிற்கவில்லை. மறுபடி போட்டேன், இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்.

மெகரு அக்கா கதவைத் தட்டினார். "யார் கூட தம்பி சண்டை?"

"உங்க தங்கச்சி கூடத்தான்க்கா" என்றேன். அவரே கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

ரேவதிக்குப் போன் போட்டு, பழைய பாட்டை எப்படியோ அழித்துவிட்டேன், திரும்ப அனுப்பு என்றேன்.

"அந்தக் குரலே வேணாம்னீங்களேப்பா?"

"எங்க மூச்சு எடுக்கறது, எங்க ஆரம்பிக்கறதுன்னு அந்த ஆளுக்குத்தான் தெரியும். கத்துக்கினு அப்புறம் தொரத்திக்கறேன்."

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். அவனைக் கேட்டே அவனை அந்த இடத்திலிருந்து கிளப்பப் போகிறேன். நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். அதுவரைக்கும் பொறாமை என்னோடு இருக்கட்டும், அதுவும் உன்னால் வந்ததுதானே. அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று ரேவதிக்கும் ஞாபகம் இல்லையாம். நான் அதை எனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டேன். அவன் வந்து கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.