அப்பாவின் முகத்தை ஏற்காத ஆப்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் ஏதோ இருக்கிறோம், நீயாவது அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போனில் நீ கேட்டபோதெல்லாம், எல்லாம் முடிஞ்சிருச்சு பாப்பா, கடை ஓடுது என்றேன். உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன சொல்வது. இப்போது அவர் தூங்குகிறார், நான் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் ஆன்லைன் கடையில் பணம் வாங்கித் தந்த பழைய ஆப் இனி சின்னக் கடைகளுக்குக் கிடையாது என்று அந்தக் கம்பெனி சொன்னதும், நீ அங்கிருந்தே அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாய். அப்பா ஒரு தடவை முகம் காட்டினால் போதும், மறுபடி மீன்தொட்டிச் செடி விற்கலாம் என்றாய். எங்களுக்கும் அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அன்று காலையிலேயே அவர் இடது கையால் சவரம் செய்துகொண்டார், வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையே, தாடையில் ஒரு கீறல் வேறு. நீ அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுவிடச் சொன்னார். உன் மாமாவும் வந்திருந்தான். அவனுக்குத் தெரியாத வேலை உலகத்தில் ஏது, ரிமோட்டுக்கு பேட்டரி மாட்டுவதற்கே நாலு பேரை நிற்க வைத்து வகுப்பெடுப்பான். அவன்தான் செல்போனைப் பிடித்தான்.

முகத்தை வட்டத்துக்குள் வை என்றது ஆப், வைத்தார். திரும்பு என்றது, திரும்பினார். கண்ணைச் சிமிட்டு என்றது, ஒரு கண்தான் மூடியது. சிரி என்றது, வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது, மறுபக்கம் பக்கவாதம் வந்த அன்று எப்படித் தொங்கியதோ அப்படியே கிடந்தது. அடையாள அட்டைப் படத்தோடு முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும் என்று வந்தது. வெளிச்சம் பத்தவில்லை என்று மாமா அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தான், பிறகு பின்னறைக்குக் கூட்டிப்போய்ச் செடித் தொட்டிகளுக்கு மேலே எரியும் விளக்கடியில் நிறுத்தினான், எங்கே போனாலும் அதே வரிதான். கடைசியில் அப்பா தொங்கிய கன்னத்தை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாப்பா. கை முகத்தை மறைக்கிறது, கையை எடுக்கவும் என்றது. மாமா போனை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

உதவி நம்பருக்குப் பேசினேன். அந்தப் பெண் தன்மையாகத்தான் பேசினாள், சாருக்கு முகம் சரியானதும் ட்ரை பண்ணுங்க மேடம், இல்லன்னா வீட்ல வேற யார் பேருக்காவது மாத்திக்கோங்க என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், புத்தி கெட்டவள். அவரே குழறிக் குழறி, உம்பேருக்கு மாத்திக்கோ, விடு என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எதிர் நாற்காலியில் பார்த்துக்கொண்டிருக்க, என்னையும் அது சிரிக்கச் சொன்னது. சிரித்தேன். முதல் தடவையே பச்சை டிக் வந்துவிட்டது.

கடை திறந்ததோடு சரி. பணம் கட்டும் இடத்தில் அப்பா பெயருக்குப் பதில் என் பெயரைப் பார்த்ததும் பழைய ஆட்கள் பாதியிலேயே போய்விடுகிறார்கள். எப்போதும் வாங்கும் டீச்சர் மட்டும், அண்ணன் கடைய வித்துட்டாரா என்று கேட்டு எழுதியிருந்தார். செடிகள் பாட்டுக்கு வளர்கின்றன. அள்ளி அள்ளிக் குப்பையில் போடுகிறேன். முன்பெல்லாம் அப்பா இடது கையிலேயே கத்தரி பிடித்து நறுக்க வருவார், இப்போது பின்னறைப் பக்கமே வருவதில்லை. என்ன ஓனரம்மா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா என்கிறார். விளையாட்டுக்குத்தான் சொல்கிறார், நானும் சிரித்துவைக்கிறேன். ஆனால் முகப்பயிற்சிக்குக் கண்ணாடி முன்னால் உட்காருவதையும் விட்டுவிட்டார். பயிற்சி சொல்லித்தருபவர் வந்தால் தூங்குவதுபோலக் கிடக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்று முன்போல அந்தப் பயிற்சிக்காரரும் இப்போது சொல்வதில்லை.

நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, உன்மேல் தப்பில்லை, வேறு ஆப் தேடுகிறேன் என்றும் கிளம்பாதே. இன்னொரு தடவை அவரை வட்டத்துக்குள் உட்கார வைக்க என்னால் ஆகாது. லீவு போட்டு ஓடி வராதே, உன் வேலையாவது நிலைக்கட்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. எங்கள் ஆயுளையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே கண்ணு. இனிமேல் வீடியோவில் கூப்பிட வேண்டாம், குரல் மட்டும் போதும். நெட்டு சரியில்லன்னு அவகிட்ட சொல்லிடு என்று அவர்தான் சொன்னார். நெட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா