இரண்டே பேர் உட்காரும் கார்

12-1-1947, ஞாயிறு

கல்யாணராமன் மாமா கார் வாங்கிவிட்டார்! மாமா அம்மாவின் ஒரே தம்பி, எங்களோடுதான் இருக்கிறார். சீமைக்குத் திரும்பும் ஒரு துரையிடம் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினாராம். பச்சை நிறம், துணிக்கூரை, இரண்டே இருக்கைகள். பந்தய வண்டி. தரையை ஒட்டி உட்கார வேண்டியிருக்கிறது. கச்சேரி ரோட்டில் ஒரு நாய் என் கண்ணுக்கு நேராகப் பார்த்தது.

அப்பா வண்டியைச் சுற்றிவந்தார். "ஆளுக்கு அறுநூறு விழறதே! அடுத்தாத்துக் கார்ல எட்டுப் பேர் போறா."

இது வேகத்துக்கான வண்டி, தலையை எண்ணி விலை சொல்லக்கூடாது என்று நான் விளக்கினேன்.

"அப்போ காலை எண்ணட்டுமா?" என்றார்.

16-1-1947

மாமா காரில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். இனி தினமும் அப்படித்தானாம். காற்றில் பின்னல் அவிழ்ந்துவிட்டது. பரவாயில்லை.

26-1-1947, ஞாயிறு

மாமாவுக்குப் பெண் பார்க்க தியாகராய நகர் போனோம். மூன்று பேராகப் போகக்கூடாதென்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவும் அம்மாவும் ஜட்காவில். மாமாவும் நானும் காரில். பெரியவர்களுக்கு முன்னால் போய் இறங்கக்கூடாதாம், அதனால் வழி முழுக்கக் குதிரைக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். பந்தய வண்டி!

பெண் பெயர் பங்கஜம். மாமாவுக்குப் பிடித்துவிட்டது. காபி டம்ளரைக் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா மட்டும் ஜன்னல் வழியாகக் காரையே பார்த்தார்.

"நாளைக்குக் குழந்தை குட்டின்னு ஆனா எங்கே உட்கார வைப்பேள்? இதை வித்துட்டு நாலு கதவு வண்டியா வாங்குங்கோ. அப்புறம் மேலே பேசலாம்."

வீட்டுக்கு வந்ததும் மாமா காரை விற்க விளம்பரம் எழுதச் சொல்லி என்னிடம் காகிதத்தை நீட்டினார்.

8-2-1947

பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஒரு வாரமாகிறது. வாசகம் நான் எழுதியது. வந்தவர் ஒருவர். அவரும் வழி கேட்க வந்தவர்.

15-2-1947

மௌண்ட் ரோட்டிலிருந்து தரகர் பீர் முஹம்மது வந்தார். மோட்டார் மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"வண்டி சோக்காத்தான் கீது சாமி. வாங்கத்தான் ஆளில்ல. மெட்ராஸ்ல குடும்பம் இல்லாதவன் கையில துட்டு இல்ல. துட்டு கீறவனுக்குக் குடும்பம் கீது."

எண்ணூறு என்றார். இன்னும் அதிகம் பெறும் என்று நான் சொன்னேன். "பெறும் பாப்பா. என்னாண்ட அதைத் தர்றதுக்குத்தான் ஆள் வேணும்" என்று சிரித்தார். மாமா சாவியைக் கொடுத்துவிட்டார். காருக்கும் பங்கஜத்துக்கும் நடுவில் வேறு என்ன செய்வார்? ஆனாலும் எண்ணூறா? அநியாயம், அநியாயம்.

2-3-1947, ஞாயிறு

நிச்சயதார்த்தம். நாலு கதவு வண்டியைக் கல்யாணத்துக்குள் வாங்கினால் போதும் என்றாகிவிட்டது. கொல்லையில் கை கழுவும்போது பங்கஜம் என்னருகில் வந்து, "அந்தப் பச்சைக் கார் வரலியா?" என்று மெல்லக் கேட்டாள்.

விற்றாகிவிட்டது என்றேன். முகம் வாடிப்போயிற்று.

"ஐயோ! நான் சரின்னு சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்டீ. எங்காத்துல எங்கே போனாலும் பத்துப் பேரோட போவோம். இதுல மாமியார், நாத்தனார் ஒருத்தரும் ஏற முடியாதேன்னு—" சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த நாத்தனார் என் அம்மாதான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

4-3-1947

மாமா காரைத் திரும்ப வாங்கப் போனார். வண்டி இன்னும் பீர் முஹம்மதுவிடமே இருக்கிறது. ஆனால் இப்போது விலை ஆயிரத்து அறுநூறு!

"இரட்டிப்பா? போன மாசம் வாங்க ஆளே இல்லேன்னேளே?" என்று மாமா கேட்டாராம்.

"அன்னிக்கு இல்ல சாமி. இன்னிக்கு நீ கீறியே."

மாமா கொதிக்கிறார். தரகர் சொல்வது நியாயம்தானே என்று நான் சொன்னதற்கு, "நீ போய்ப் பாடத்தைப் படி" என்றார்.

9-3-1947

பங்கஜம் தன் அப்பாவிடம் என்ன சொன்னாளோ தெரியாது. மாப்பிள்ளைக்குக் கார் தம்முடைய சீராக இருக்கட்டும் என்று அவரே மௌண்ட் ரோடு போய்ப் பேரம் பேசியிருக்கிறார். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

"நாலு கதவு கேட்டவர் கடைசியில இதையே ஆயிரத்து அறுநூறுக்கு வாங்கினாரே!" என்று அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அம்மா, "நானும் ஒரு தடவை அதுல ஏறிப் பாக்கணும்டா" என்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

11-6-1947, புதன்

கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் பள்ளிக்கூடம் திறந்தது. சீக்கிரமாகவே சாப்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் வாசலில் போய் நின்றேன். மாமா வண்டியைக் கிளப்பினார். பங்கஜம் மாமி தலையில் துணி கட்டிக்கொண்டு ஏறினாள். என்னைப் பார்த்ததும் இறங்கப் போனாள்.

"வேண்டாம் மாமி, எனக்கு நடக்கப் பிடிக்கும்" என்றேன்.

குளக்கரை வழியாக நடந்தேன். அவ்வளவு தூரமில்லை. பின்னல் கலையவேயில்லை.