மாம்பழச்சாலையில் நீ இறங்கிய காரணம்

இன்று காலை வசந்தா வீட்டு பாத்ரூமில் பினாயில் வாசனை மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம் கோபமாக வந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் தீராத கோபம். பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன், உன்னிடம் என்ன ஒளிவுமறைவு.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆபீசுக்கு நாம் சேர்ந்தேதான் பஸ் ஏறுவோம். ஜன்னலோரம் உனக்கு, உன் கைப்பை என் மடிக்கு. ஒரு சித்திரையில் திடீரென்று பாலத்துக்கு முன்னாலேயே மாம்பழச்சாலையில் இறங்க ஆரம்பித்தாய். "நீ போடி, நான் வசந்தாவோட வரேன்" என்பாய். நம் ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்து அங்கே குடியிருந்தவள் அவள். அப்படி என்ன காபி போடுகிறாளோ என்று காவிரிப் பாலம் முழுக்கப் பொருமிக்கொண்டே போவேன். நீ மெலிந்ததுகூட அவள் சொல்லிக்கொடுத்த டயட் என்றே நினைத்தேன். கேட்டால், "உடம்புச் சூடுடி" என்று மழுப்பினாய்.

கடைசியில் உன்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் கட்டி. ஈரல்வரை பரவியிருந்தது. அப்புறம்தான் எனக்கு விஷயமே தெரியும். மாதக்கணக்காகப் பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வந்ததாம். ரத்தமும் போனதாம். மூலம் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாயாம். பாலம் தாண்டும்வரை தாங்காமல்தான் தினமும் அவள் வீட்டுக்கு ஓடியிருக்கிறாய்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று ஆஸ்பத்திரியில் சண்டை போட்டேன்.

"நீ அழுதுடுவடி. அவகிட்டன்னா பாத்ரூம் எங்கன்னு கேட்டா போதும்" என்று சிரித்தாய். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு நீ கொடுத்த மரியாதை அது.

இப்போது ஒரு மாதமாக எனக்கும் வயிறு பழையபடி இல்லை. வீட்டில் மோரில் வெந்தயம் போட்டுக் கொடுக்கிறார்கள். இன்று பஸ்ஸில் முடியவே இல்லை. மாம்பழச்சாலையில் இறங்கி அவள் கதவைத்தான் தட்டினேன், வேறு வழி?

வெளியே வந்ததும் வசந்தா கூச்சமே படாமல் கேட்டாள். "எத்தனை நாளாக்கா இப்படி? ரத்தம் போகுதா? எடை குறைஞ்சிருக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா இத்தனை நாள் நீடிச்சா பாத்துடணும். இன்னைக்கே லீவு சொல்லுங்க, நான் கூட வரேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க கையையும் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டுப் போனேன்."

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். வசந்தா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். படி இறங்கும்போது நானே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ பிடித்த கை. அதை அவளுக்கு மட்டும் எப்படி விட்டுவிடுவது?