தருண் சார் வீட்டுக்கு மாம்பழம் கொண்டுபோனது

அன்பு மகன் அருள்குமாருக்கு, நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கச்சி யமுனாவும் சுகம். ஆஸ்பத்திரியில் நீ ஊன்றுகோல் இல்லாமல் பத்தடி நடந்தாய் என்று கேட்டதிலிருந்து உன் அம்மா எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தருண் சார் பேச்சை எடுத்தாலே நீ சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் எட்டாவதோடு நின்ற நான் கோழி கிளறின மாதிரி எழுதுகிறேன், பொறுத்துப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்லாமல் திருப்பதிக்குப் போய் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். எல்லைச் சண்டையில் குண்டு விழுந்த வண்டியிலிருந்து என் பிள்ளையை இழுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவனை இழுக்கத் திரும்பிப் போய் உயிரை விட்டவர், ஆபீசராகி எட்டே மாதம், இருபத்துநாலு வயது. பெற்றவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டாமா. நன்றி சொல்லப் போகிற ஜோரில் உன் நைனாவின் புத்தி பார், ஒரு பை நிறைய பேனிஷா மாம்பழம் எடுத்துக்கொண்டு போனேன். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போக வேண்டும் என்பது அவர்கள் தெரு முனையில்தான் உறைத்தது. பையைச் செருப்புகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு உள்ளே போனேன். வாசனையை எங்கே ஒளிப்பது. அவர் அம்மா கன்னிகா, "இன்னாண்ணா, மாம்பழத்த வாசல்ல வச்சிட்டு நீங்க மட்டும் உள்ள உக்காந்துகினு இருக்கீங்க" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். அவர் அப்பா வேங்கடாசலம், லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிறவர், "மூணு மாசத்துல இந்த வீட்ல மொத சிரிப்பு" என்று சொல்லிக் கத்தி எடுத்து வந்து அவரே நறுக்கினார். ஆபீசர் தேர்வில் இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம் ஜெயித்த பிள்ளையாம். போனில் உன்னைப் பற்றியே சொல்வாராம், "நம்ம பக்கத்து ஆளும்மா, துன்னீங்களா சார்னு கேக்கறான், வீட்ல இருக்கிற மாதிரியே இருக்குது" என்று. என் பிள்ளைக்காகத்தானே உங்கள் பிள்ளை போய்விட்டார் என்று நான் காலில் விழப் போனேன். கன்னிகா அம்மா பிடித்து நிறுத்தி, "அருள் நல்லா நடக்கிறானா" என்றுதான் முதலில் கேட்டார்கள். பிறகு, "எல்லாரும் வந்து அவன் வீரத்தச் சொன்னாங்கண்ணா. அன்னைக்குக் காலைல சாப்ட்டானா இல்லியான்னு ஒருத்தரும் சொல்லல. உங்க பையன்தான கூட இருந்தான். சாப்டலன்னா சாப்டலன்னே சொல்லட்டும், எனக்காகப் பொய் சொல்ல வேணாம்" என்றார்கள்.

அருள், உயிரோடு இருப்பதற்கு நீ வெட்கப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். நான் வெட்கப்படவில்லையப்பா, விடிந்ததும் அவர் பேரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் கழனிக்குப் போகிறேன். எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் போகிறது, அந்த அம்மாவுக்குப் போன் செய். நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நான் எழுதினதை நம்பாமல் யமுனா சரிபார்த்துவிட்டாள். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. ஏழுமலையான் துணையிருப்பான், நீ நூறு வயது நடமாட வேண்டும். இரண்டு ரிங்கில் எடுக்கவில்லை என்று வைத்துவிடாதே, அந்த அம்மாவுக்கு முட்டி வலி, எழுந்து வர நேரமாகும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் நைனா,
ரங்கையா