இரண்டு முறை எழுதியிருந்த ஞாயிறு

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது,

எனக்கு மறதி வரவில்லை. உன் அண்ணன் உன்னிடம் சொன்னதும், அண்ணி தன் தங்கையிடம் சொன்னதும், அந்தத் தங்கை மருந்துக் கடை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, செவிட்டுக் குழந்தையிடம் பேசுவதுபோல, நான் யார் தெரியுதா என்று சத்தமாகக் கேட்டதும் எல்லாம் வீண். நான் நலம், முழங்கால் மட்டும் வழக்கம்போல. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் தொடங்கியிருந்தால் காதை மூடாமல் வெளியே போகாதே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேச நீ பக்கத்தில் இல்லாதது வசதி. உன் அண்ணன் என் கணினியில் வீடியோ மீட்டிங்கையும் காலண்டரையும் ஒன்றோடொன்று இணைத்துக் கொடுத்துவிட்டு, இனிமேல் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம், எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றான் அல்லவா. அவன் போன பிறகு பார்த்தால் ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று நானே முன்பு எழுதி வைத்தது, ‘மகளுடன் பேச்சு’ என்று சுத்தமாக. இன்னொன்று மீட்டிங் தானாகப் போட்டுக்கொண்டது, அதன் அடியில் எழுத்தும் எண்ணும் கலந்து வால் மாதிரி ஒரு வரி. முப்பத்தொரு வருடம் பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு எழுதியவள் நான், ஒரு பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை அடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. உன் அப்பா எதையும் மறந்துவிடுவோமோ என்று இரண்டு இடத்தில் எழுதி வைப்பார், அதற்கே அவரை எவ்வளவு சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை மதியம் மேசையைத் துடைக்கும்போது அந்த வாரத்து வால்காரனை அழித்தேன். நீக்கவா என்று கேட்டது, ஆம் என்றேன். மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு பத்து மணிக்கு வீடியோவைத் திறந்துவைத்து உட்கார்ந்தால் திரையில் என் முகம் மட்டும்தான். முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணாடியில்கூட நான் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இப்படி மூன்று வாரம்.

அதற்கு முந்தைய வாரம்தான் இவ்வளவு பெரிய வீடு ஒருத்திக்கு எதற்கு என்று நீ கேட்டாய், நான் சுருக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். அந்தக் கோபத்தில் வராமல் இருக்கிறாய் என்று நினைத்தேன், நானாக ஃபோன் செய்வதற்கு என் தன்மானம் விடவில்லை. மூன்றாவது வாரம் அதையும் விழுங்கிவிட்டு அழைத்தால், நீங்கள்தானே ஒவ்வொரு முறையும் ரத்து செய்தீர்கள் என்று நீ அழுதாய். நான் செய்யவில்லை என்று சாதித்தேன். மறுநாள் மாலை உன் அண்ணன் மூன்று தாள்களை அச்சடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். மூன்றிலும் என் பெயர், சனிக்கிழமைத் தேதி, நான் சந்திப்பை ரத்து செய்ததாக உனக்கு வந்த அறிவிப்பு. என் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறது, எனக்கோ அப்படி ஒன்று செய்த நினைவே இல்லை. அவன் குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வியாழக்கிழமை ஞாபகசக்தி டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான், அதன் பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு அவர்களோடு வந்துவிடலாம் என்றான். அண்ணி அறையையே ஒழித்து வைத்துவிட்டாளாம்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நானும் அதை நம்பிவிட்டேன். பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னேன், வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் எழுதிய முதல் வகுப்பின் நாற்பத்திரண்டு பெயர்களை வரிசையாகச் சொன்னேன், முப்பத்தெட்டாவது பெயரில் நின்றுவிட்டது. அன்றைக்கெல்லாம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை கீழ்வீட்டுப் பெண், பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறாளே அவள், தண்ணீர் மோட்டார் சாவி வாங்க வந்தாள். மேசை மேல் அந்தத் தாள்களைப் பார்த்து என்னவென்று கேட்டாள், மறதி டாக்டர் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறவள், நின்றபடியே இரண்டு கேள்வி கேட்டாள். காலண்டரில் இரண்டிரண்டாக வந்ததா, ஒன்றை அழித்தீர்களா என்று. ஆமாம், வாலுள்ளதை, வீணாக எதற்கு இரண்டு என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அம்மா, உள்ளே போற கதவே அந்த வால்தான். அதை அழிச்சா எதிர்ல இருக்கவங்களுக்கு ரத்துன்னு போயிடும். இது மறதி இல்லம்மா, உங்க சுத்தம்.” எங்கள் டாக்டரே போன மாதம் இதையே செய்து பதினோரு பேரைத் திருப்பி அனுப்பினார், அவரை யாரும் பரிசோதிக்கவில்லை என்றாள். அவள் முன்னால் அழக்கூடாது என்று சாவியைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டேன். நான் எழுதியதை அவளே எடுத்துவிட்டு வாலுள்ளதை மட்டும் வைத்திருக்கிறாள். இப்போது ஞாயிறு ஒரே கட்டம்தான்.

உன் அண்ணனுக்கு விளக்கினேன். அவன் காதைச் சொறிந்துகொண்டு, இணைத்தவன் நான்தானே, சொல்லியிருக்க வேண்டும் என்றான். பாவம், பயந்துதான் செய்தான், நீ அவனைக் குத்திப் பேசாதே. அந்த வியாழக்கிழமை டாக்டரையும் அழித்துவிட்டேன், இந்த முறை தெரிந்தே. அன்று மதியம் பாத்திரம் கழுவும்போது முப்பத்தெட்டாவது பெயர் தானாக வந்தது. பாதி வருடத்தில் ஊர் மாறிப் போன பெண், அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்ததே நான்தான்.

மூன்று ஞாயிறு உன்னை அழ வைத்தது என் கை. நான் யாரிடமும் சுலபமாக மன்னிப்புக் கேட்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும், உன்னிடம் கேட்கிறேன். வீட்டைப் பற்றி நீ கேட்டதும் தப்பில்லை, நான் பதில் சொன்ன விதம்தான் தப்பு. அதை நேரில் பேசுவோம்.

இருவரும் நீண்ட ஆயுளோடு மனம் நிறைந்து இருங்கள். மாப்பிள்ளையின் முதுகுவலிக்குக் கெட்டியான மெத்தை வாங்கச் சொன்னேனே, வாங்கியாயிற்றா? ஞாயிறு பத்து மணிக்கு இருப்பேன், ஆனாலும் இதற்குப் பதிலைத் தாளில், உன் கையால், எழுதி அனுப்பு.

உன் அம்மா